‘முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது’ என்று எழுதும் விமர்சகர்களுக்கு

வணக்கம்.

சோப்ளாங்கி அணி ஒன்று கோப்பைக்குக் கிளம்பும் சிரிப்புப் படம் எது வந்தாலும், உங்கள் விமர்சனத்தில் முக்கால்வாசியைப் படிக்கும் முன்பே நான் எழுதிவிடுவேன். முதல் பத்தியில் கதைச்சுருக்கம். வாழ்க்கையில் தோற்றுப்போன கோச், பந்தைக் கண்டால் ஒதுங்கும் கோல்கீப்பர், பளபளச் சீருடையில் வரும் பணக்கார எதிரணி. இரண்டாவது பத்தியில் நடிகர்கள். மூன்றாவதில் அந்த வரி: “முடிவு முன்பே தெரிந்துவிடுகிறது.” அப்புறம் ‘அரைத்த மாவு’, கடைசியில் ‘இருந்தாலும் ஒருமுறை பார்க்கலாம்’, இரண்டரை நட்சத்திரம். படத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுவதாகக் குறைப்பட்டுக்கொள்ளும் விமர்சனம், அதே நோயோடு வந்து நிற்கிறது.

கோபத்தில் எழுதவில்லை. படத்துக்குப் போகும் முன் உங்களைப் படிக்கிற ஆள் நான். நீங்கள் மட்டம் தட்டிய படங்களில் பல மட்டமான படங்கள்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. தப்பான காரணத்துக்காக அடிக்கிறீர்கள் என்பதுதான் என் குறை. அதனால் இந்த வகையில் எது நல்ல படம், எது வெறும் சத்தம் என்று உங்கள் எழுத்திலிருந்து கண்டுபிடிக்க முடிவதில்லை.

முதலில் அந்த ‘முடிவு’ விஷயம். அது பாதி நேரம் உண்மையே இல்லை. இந்த வகைக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத்தக்க ‘த பேட் நியூஸ் பேர்ஸ்’ (1976) படத்தில் பேர்ஸ் என்ற சிறுவர் பேஸ்பால் அணி இறுதி ஆட்டத்தில் தோற்கிறது. ‘எ லீக் ஆஃப் தெயர் ஓன்’ (1992) படம் முழுக்க நாம் கூடவே போகிற அணி கடைசி ஆட்டத்தைக் கோட்டை விடுகிறது. ‘டின் கப்’ (1996) நாயகன் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழியில், பத்திரமாக ஆடினால் போதும் என்ற நிலையில், வீம்புக்குப் பந்து பந்தாகத் தண்ணீரில் தள்ளி, 12 அடிகள் எடுத்துக் கோப்பையை இழக்கிறான். ‘டாட்ஜ்பால்’ (2004) படத்துக்குக்கூட முதலில் எடுத்த முடிவில் நம் ஆட்கள் தோற்றார்கள். பிறகுதான் அது மாற்றப்பட்டது. மாற்றியவர்களுக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்க வேண்டும். கடைசியில் வரும் பணப்பெட்டியின் மேலேயே, கதையைக் காப்பாற்ற ஆகாயத்திலிருந்து இறங்கும் தெய்வத்துக்கான லத்தீன் பெயரை எழுதி வைத்துவிட்டார்கள்.

ஆக, ஜெயிப்பது இந்த வகையின் விதியே அல்ல. எதையோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவர்கள் மைதானத்தை விட்டு வெளியே வருவார்கள் என்பது மட்டும்தான் முன்கூட்டியே தெரியும். அது கல்யாண வீட்டுக்குப் போகிறவனுக்குக் கல்யாணம் நடக்கும் என்று தெரிகிற மாதிரி. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

பேர்ஸ் படத்தின் கடைசி அரை மணி நேரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நான் சொல்ல வருவது முழுக்க அங்கே இருக்கிறது. இந்தச் சிறுவர்களுக்கு லீக்கில் இடம் கிடைத்ததே ஒருவர் வழக்குப் போட்டதால்தான். வேண்டாத விருந்தாளிகள். அவர்களுடைய பனியனில் விளம்பரம் செய்திருப்பது ஜாமீன் பணம் கட்டித் தரும் ஒரு கடை. கோச் பட்டர்மேக்கர் நீச்சல் குளம் சுத்தம் செய்து பிழைப்பவர், கையில் எப்போதும் பீர். முதல் ஆட்டத்தில் எதிரணி 26 ரன் எடுக்கும்வரை இவர்களால் ஒருவரைக்கூட அவுட் ஆக்க முடியவில்லை. அதோடு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

பிறகு நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள், அணி ஜெயிக்கத் தொடங்குகிறது. இங்கேதான் படம் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. ஜெயிக்க ஜெயிக்க பட்டர்மேக்கர் மோசமான மனிதர் ஆகிறார். ஒரு பையனை வேண்டுமென்றே பந்தில் அடி வாங்கச் சொல்கிறார். மற்றவர்களுக்கு வரும் பந்தையும் நீயே ஓடிப் பிடி என்று ஒருவனிடம் சொல்லி வைக்கிறார். இறுதி ஆட்டத்தில் எதிரணிக் கோச் தன் மகனை எல்லோர் முன்னாலும் அறைகிறார். அதைப் பார்த்த பிறகுதான் பட்டர்மேக்கருக்குத் தன் முகம் தெரிகிறது. உடனே, அதுவரை பெஞ்சில் உட்கார்ந்தே இருந்த பையன்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புகிறார். அவர்களில் லூபஸ் என்று ஒரு பொடியன். அவன் பக்கம் பந்து பறந்து வருகிறது. பிடித்துவிடுகிறான். பிடித்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை.

அணி 7–6 என்று தோற்கிறது. அதே லூபஸ் எதிரணியைப் பார்த்து அடுத்த வருஷம் பார்த்துக்கொள்கிறோம் என்று கத்துகிறான். தோற்றவர்கள் பீரைப் பீய்ச்சியடித்துக் கொண்டாடுகிறார்கள். (சிறுவர்கள் கையில் பீர். இன்றைக்கு எடுக்க விடமாட்டார்கள். அதுவும் சரிதான்.)

இதற்கு ‘முடிவு தெரிந்துவிடுகிறது’ என்ற வரியைப் பொருத்திப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. அந்தப் பையனை அவர் உள்ளே அனுப்புவாரா என்பதுதான் படத்தின் நிஜமான சஸ்பென்ஸ். ஸ்கோர் பலகையில் அது ஏறாது. உங்கள் விமர்சனங்களிலும் அரிதாகத்தான் ஏறுகிறது.

லூபஸ் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பாசம் என்று கேட்டால், சொந்தக் கதை. பள்ளிக் கால்பந்து அணியில் இரண்டு வருடம் ரிசர்வில் இருந்தேன். சின்ன வயசு விளையாட்டில் ஆளைச் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்திருப்பதற்கு ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு பெயர் உண்டே, அது சீருடை போட்டுக்கொண்டால் ரிசர்வ். அந்த இரண்டு வருடத்தில் நான் மொத்தம் ஆடியது ஒன்பது நிமிடம். மூன்று கோல் பின்தங்கி, இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு அனுப்பினார்கள். பந்து ஒரே ஒரு முறை என்னிடம் வந்தது. ஓங்கி உதைத்தேன். அது நேராகப் பின்பக்கம் போய் எங்கள் கோல்கீப்பரைத் திடுக்கிட வைத்தது. அணியே சிரித்தது, நானும் சிரித்தேன். வெளியே வேடிக்கை பார்த்தவர்களும் சிரித்தார்கள். அந்த இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். முதல் சிரிப்பில் எனக்கும் பங்கு இருந்தது.

இந்த வகைப் படத்தை எடை போட என்னிடம் இருக்கும் முதல் தராசு அதுதான். குண்டுப் பையன் விழுகிறான், கண்ணாடிக்காரன் பந்தைத் தேடுகிறான், திக்குவாய்க்காரன் பாஸ் கேட்கிறான். அந்த நேரத்தில் கேமரா அணியோடு நிற்கிறதா, வேலிக்கு வெளியே நிற்கிறதா? விழுந்தவனுக்கு அடுத்த காட்சியில் ஒரு வசனமாவது கொடுக்கிறார்களா, விழுவதற்கு மட்டும்தான் கூப்பிட்டார்களா? ‘நகைச்சுவை ஆங்காங்கே கைகொடுக்கிறது’ என்ற உங்கள் வரியில் இது எதுவும் இல்லை. யாரை வைத்துச் சிரிக்க வைத்தார்கள் என்று சொல்லாமல் சிரிப்பு வந்தது என்று மட்டும் சொல்வது, சாப்பாடு இருந்தது என்று சொல்வது போல.

‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற அட்டை போட்டு வரும் படங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. ‘கூல் ரன்னிங்ஸ்’ (1993) எனக்கு மிகவும் பிடித்த படம். எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். பனியே விழாத ஜமைக்காவிலிருந்து நான்கு பேர் 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பாப்ஸ்லெட் சறுக்குவண்டி ஓட்டப் போன கதை. அவ்வளவுதான் நிஜம். படத்தில் அவர்களில் மூன்று பேர் ஓட்டப் பந்தயத் தேர்வில் தடுக்கி விழுந்தவர்கள். நிஜத்தில் அணியின் அடித்தளம் ராணுவம். வண்டியை ஓட்டிய டட்லி ஸ்டோக்ஸ் ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஏமாற்றிப் பிடிபட்டு ஒதுங்கிய பழைய சாம்பியன் கோச் கற்பனை. முறைத்துக்கொண்டே இருக்கும் எதிரணிகளும் பெரும்பாலும் கற்பனை, மற்ற நாட்டுக்காரர்கள் அவர்களிடம் நன்றாகவே பழகினார்கள். வண்டி கவிழ்ந்ததற்குப் படத்தில் கழன்ற மறை காரணம். நிஜத்தில் வேகமும் அனுபவம் போதாததும். கடைசியில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டும் காட்சியில் எனக்கு இன்றும் கண் கலங்கும். நிஜத்தில் தோளில் தூக்கவில்லை, வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார்கள்.

இப்படி மாற்றுவது குற்றம் இல்லை. சினிமா என்றால் மாற்றத்தான் செய்வார்கள். எந்தப் பக்கம் மாற்றுகிறார்கள் என்பதைத்தான் நீங்கள் கவனித்துச் சொல்ல வேண்டும். கழன்ற மறை, ஓட்டுநரைக் காப்பாற்றுகிறது. சரி. ஆனால் ராணுவ அதிகாரிகளைக் கோமாளிகளாக்குவது யாரைக் காப்பாற்றுகிறது? டட்லியின் தம்பி கிறிஸ் அந்த ஒலிம்பிக்குக்கு வந்தது அண்ணனைப் பார்க்க. அணியில் ஒருவருக்கு அடிபட்டதால், அதுவரை பாப்ஸ்லெட்டில் ஏறியே இராத அவரைச் சில நாள் பயிற்சியோடு வண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். இதை ஒரு திரைக்கதையில் எழுதியிருந்தால் ‘நம்பும்படி இல்லை’ என்று நீங்களே எழுதியிருப்பீர்கள். நிஜத்தில் இருந்த காமெடி படத்தில் இல்லை, படத்தில் இருக்கிற காமெடி நிஜத்தில் இல்லை. அப்புறம், படம் வெளியாகி நான்கைந்து மாதத்தில், 1994 பிப்ரவரியில், லில்லேஹாமர் ஒலிம்பிக்கில் ஜமைக்காவின் நால்வர் வண்டி அமெரிக்காவையும் ரஷ்யாவையும் முந்திக்கொண்டு 14வது இடத்தில் வந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது கவிழ்ந்த வண்டியைத்தான்.

நீங்கள் நன்றாகச் செய்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘நெக்ஸ்ட் கோல் வின்ஸ்’ (2023). பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்கச் சமோவா தீவுகளின் கால்பந்து அணி 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவிடம் 31–0 என்று தோற்றது. சர்வதேச ஆட்டங்களில் அதுதான் மிகப் பெரிய தோல்வி. அன்று ஸ்கோர் பலகைக்காரருக்கே கணக்குத் தவறிப்போய் 32 என்று காட்டியது, பிறகு நடுவர் அறிக்கையைப் பார்த்துத்தான் 31 என்று முடிவானது. அந்த எண்ணைக் கேட்டதும் எல்லோரும் சிரிப்பார்கள். பின்னால் இருப்பதைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். கடவுச்சீட்டுத் தகுதி விதியால் முதல் அணியில் கோல்கீப்பர் நிக்கி சலாபுவைத் தவிர யாரும் ஆட முடியவில்லை. இருபது வயதுக்குட்பட்ட அணியைக் கூப்பிடலாம் என்றால் அவர்களுக்குப் பள்ளித் தேர்வு. கடைசியில் பதினைந்து வயதுப் பையன்கள் உட்பட சராசரி வயது பதினெட்டு இருக்கும் ஒரு கூட்டம்தான் இறங்கியது.

பத்து ஆண்டு கழித்து, 2011 நவம்பரில், அதே அமெரிக்கச் சமோவா டோங்காவை 2–1 என்று தோற்கடித்தது. ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டத்தில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. கோலில் நின்றவர் அதே சலாபு. தடுப்பாட்டத்தின் நடுவில் நின்றவர் ஜையா சாயெலுவா, சமோவச் சமூகம் ஃபாஅஃபாஃபினே என்று அழைத்து ஏற்றுக்கொண்டிருக்கும் மூன்றாம் பாலினத்தவர், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆடிய முதல் திருநங்கை. இதையெல்லாம் 2014ல் வந்த ஆவணப்படம் கூடவே இருந்து படம் பிடித்தது.

பிறகு டைக்கா வைட்டிட்டி இதைக் கதைப்படமாக எடுத்தார். அதில் கோச், ஜையாவை வேண்டுமென்றே பழைய பெயரால் கூப்பிட்டுக் காயப்படுத்துகிறார், பிறகு திருந்துகிறார். ஆவணப்படத்தில் தெரிகிற நிஜக் கோச் தாமஸ் ரோங்கன் அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லை, ஜையாவை நம்பி ஆட வைத்தவர். கோச் திருந்துவதற்காக ஜையா காயப்பட வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் அதைப் பிடித்துக் கேட்டீர்கள். அந்த விமர்சனங்களைப் படித்தபோது, அட, இவர்களுக்கு வேண்டும் என்றால் முடிகிறது என்று நினைத்தேன்.

ஆனால் அதே விமர்சனங்களில் சில, பழக்கதோஷத்தில், பக்கத்திலேயே ‘வழக்கமான சூத்திரம்’ என்றும் எழுதின. சூத்திரமா அந்தப் படத்தைக் கெடுத்தது? என் பார்வையில், சூத்திரத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் படம் தேறியிருக்கும். இந்த வகையின் சூத்திரமே தோற்றவன் கதையைத் தோற்றவன் பக்கமிருந்து சொல்வது. 31 கோல் வாங்கிய ஒரு மனிதர், அதற்கப்புறமும் பத்து வருடம் அதை மறக்க முடியாமல், சியாட்டிலில் இருந்த வாழ்க்கையிலிருந்து திரும்பி வந்து அதே வலைக்கு முன்னால் நிற்கிறார். அவரை ஓரத்தில் வைத்துவிட்டு, வெளியிலிருந்து வந்த கோச்சின் சோகத்தை நடுவில் வைத்தார்கள். கதையில் ஒரு நாயகன் ஏற்கெனவே இருந்தார். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்தது.

இன்னொரு குறை, ஆட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதே இல்லை. சண்டைப் படம் என்றால் சண்டை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு பத்தி, பாட்டு என்றால் இரண்டு வரி. விளையாட்டுப் படத்தில் விளையாட்டுக்கு ஒரு வரி கிடையாது. பந்து யார் காலிலிருந்து எங்கே போனது என்று எனக்குப் புரிந்ததா, அல்லது கால், முகம், கூட்டம், வலை என்று வெட்டி வெட்டி ஒட்டிச் சமாளித்தார்களா? நடிகனுக்கு ஆடத் தெரியாததை மறைக்க வெட்டுவது ஒரு வித்தை, நேரம் பார்த்து வெட்டிச் சிரிக்க வைப்பது வேறு வித்தை. அதுவும் காமெடியில் இது இரட்டை வேலை. நன்றாக ஆடுவது போல் நடிக்க ஆள் கிடைத்துவிடும். மோசமாக ஆடுவதைச் சிரிப்பு வரும்படி, ஆனால் நிஜமாகத் தெரியும்படி ஆடுவது கடினம். காலுக்கு நடுவே பந்து உருண்டு போவதை ஒரே ஷாட்டில், நடுத்தர தூரத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிரிப்பு. பேர்ஸ் படத்தில் அப்படிப்பட்ட தப்பாட்டத்துக்குப் பின்னணியில் பிசேயின் ‘கார்மென்’ ஆபெரா இசை கம்பீரமாக ஓடும். காளையை அடக்கும் வீரனுக்கான இசை, பந்தை விட்டுவிட்டுத் தொப்பியைத் தேடும் பையன்களுக்கு. இசை அவர்களைக் கேலி செய்கிறதா, தூக்கி வைக்கிறதா என்று சொல்ல முடியாதபடி இரண்டும் நடக்கும்.

நட்சத்திரக் கணக்கைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் போன்ற இணையதளங்களில் வரும் சதவீதம், எத்தனை விமர்சகர்கள் ‘தேறும்’ என்றார்கள் என்பதுதான். எவ்வளவு பிடித்தது என்பது அதில் இல்லை. எல்லோரும் ‘பரவாயில்லை’ என்றாலே நூற்றுக்கு நூறு வந்துவிடும். பாதிப் பேருக்கு உயிர், பாதிப் பேருக்கு எரிச்சல் என்றால் ஐம்பது. பரவாயில்லை ரகப் படங்களுக்கு இந்த முறை தங்கமாக அமையும், துணிந்து ஏதாவது செய்த காமெடிக்கு அடி விழும். உங்கள் எழுத்து அந்தச் சதவீதத்துக்குள் போய்க் கரைந்துவிடுகிறது என்பது உங்களுக்கே தெரிந்த வருத்தம்தான்.

‘த மைட்டி டக்ஸ்’ (1992) ஞாபகம் இருக்கும். ஐஸ் ஹாக்கிச் சிறுவர் அணி. விமர்சகர்கள் கும்மி எடுத்த படம், நானும் ஆஹா ஓஹோ என்று சொல்லமாட்டேன், சுமார்தான். ஆனால் படம் ஓடியது. அடுத்த ஆண்டே டிஸ்னி நிறுவனம் அதே பெயரில் நிஜமான தொழில்முறை ஹாக்கி அணி ஒன்றை அனாஹைமில் இறக்கியது. பிறகு பெயரில் இருந்த ‘மைட்டி’யை எடுத்துவிட்டார்கள், 2007ல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. இதைச் சொல்லி உங்கள் மதிப்பெண் தப்பு என்று நிரூபிக்கப் பார்க்கவில்லை, கோப்பை வென்றதால் படம் நல்ல படம் ஆகிவிடாது. சிறுவர்கள் அதில் எதைப் பார்த்தார்கள் என்று அன்றைய விமர்சனங்களிலிருந்து என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை, அது ஒரு ஏக்கமாக இருக்கிறது. பிடிக்காத படத்தைப் பற்றியும் அதைச் சொல்ல முடியும். சொல்லியிருக்கலாம்.

என் கோரிக்கை சின்னது. அடுத்த முறை இப்படி ஒரு படம் வரும்போது, ஜெயித்தார்களா என்பதைச் சொல்லாவிட்டாலும் போகிறது, அது சஸ்பென்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். பெஞ்சின் ஓரத்தில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் படத்தில் பெயர் இருக்கிறதா, இருந்தால் என்ன பெயர், கடைசிவரை அவனை ஒருமுறையாவது உள்ளே விட்டார்களா, பந்து வந்தபோது கேமரா எங்கே நின்றது, இதை மட்டும் எழுதிவிடுங்கள். நட்சத்திரம் எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது நிமிடம் ஆடிய ஒரு ரிசர்வ் ஆட்டக்காரன்